பாஸ்போர்ட்டை எடுக்காமல் டூர் போவது எப்படி

ஆபீஸில் மதியச் சாப்பாட்டு நேரம். ஒருத்தி பாலிக்குப் போகிறாள், இன்னொருத்தர் குடும்பத்தோடு வியட்நாம். டிக்கெட் எவ்வளவு, விசா எப்படி, நம்ம சாப்பாடு கிடைக்குமா என்று ஆளாளுக்கு அவர்களைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். என் முறை வந்தபோது காரைக்குடி என்றேன். "காரைக்குடியா? அங்க யாரு இருக்காங்க, அக்கா?"

பாலியில் யார் இருக்கிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை, கவனியுங்கள். நம்ம நாட்டுக்குள் ஓர் ஊருக்குப் போகிறோம் என்றால் அங்கே ஒரு சித்தப்பா இருக்க வேண்டும், கல்யாணம் இருக்க வேண்டும், குறைந்தபட்சம் குலதெய்வமாவது இருக்க வேண்டும். சும்மா போகிறேன் என்றால் ஒரு மாதிரி பார்ப்பார்கள். உள்நாட்டு டூர் என்ன இருந்தாலும் லீவு போலவே இல்லை என்று புலம்புகிறவர்களிடம் கொஞ்சம் தோண்டிக் கேட்டுப் பாருங்கள், அவர்கள் போனது டூரே இல்லை, ஊருக்கு. ஊருக்குப் போவது வேறு, டூர் போவது வேறு. இரண்டையும் ஒரே பையில் போட்டுக் கட்டுவதால்தான் இவ்வளவு வம்பும்.

இந்த வித்தியாசம் அரசாங்கத்துக்கே தெரிந்திருக்கிறது. என் வீட்டுக்காரர் மத்திய அரசு ஊழியர், எல்டிசி உண்டு, அதாவது லீவில் குடும்பத்தோடு போய்வரப் பயணச் செலவு தரும் சலுகை. நாலு வருஷ பிளாக்கில் ஒருமுறை சொந்த ஊர், ஒருமுறை இந்தியாவில் எங்கு வேண்டுமானாலும், வேண்டாம் என்றால் இரண்டுமே சொந்த ஊர் என்று விதியில் தனித்தனியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். நாங்கள்தான் பல வருஷமாக இரண்டாவதையும் சொந்த ஊரிலேயே கழித்துக்கொண்டிருந்தோம். தனியார் வேலையில் எல்டிஏ என்ற பயணப் படி வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: பழைய வரி முறையில் இருந்தால் நாலு வருஷத்தில் இரண்டு பயணங்களுக்கு வரிவிலக்கு கிடைக்கும், அதுவும் இந்தியாவுக்குள் போய்வந்த போக்குவரத்துச் செலவுக்கு மட்டும். பாலிக்குப் போன டிக்கெட்டை நீட்டினால் செல்லாது. ஆக வருமான வரித்துறையின் கணக்கில் உள்நாட்டு டூர் மட்டும்தான் லீவு, அந்த வகையில் வாதம் முடிந்தது!

சரி, எப்படிப் போவது என்பதற்கு வருகிறேன்.

முதல் வேலை, நமக்கு யாருமே இல்லாத ஊராகத் தேர்ந்தெடுப்பது. இதைப் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். சில வருஷம் முன்பு கும்பகோணத்துக்கு மூன்று நாள் போனோம், ரூம் போட்டு, ஜாலியாக இருக்கலாம் என்றுதான். அங்கே என் வீட்டுக்காரரின் அத்தை இருக்கிறார். வந்துவிட்டு ரூமில் தங்கினால் தப்பாக நினைப்பார்கள் என்று ரூமை கேன்சல் செய்தாயிற்று. அத்தை வீட்டில் தங்கினால் காலையில் அடுக்களையில் நிற்காமல் இருக்க முடியுமா, நானும் நின்றேன். இவ்வளவு தூரம் வந்தாயிற்று, நவக்கிரகக் கோயில் ஒன்பதையும் பார்த்துவிடலாம் என்று ஒருவர் சொல்ல, ஒரு வேன் பிடித்து ஒரே நாளில் ஒன்பது கோயில், ஒவ்வொன்றிலும் ஓட்டம், மதியம் நடை சாத்திய வாசலில் வெயிலில் நாலு மணி வரை காத்திருப்பு. மூன்றாம் நாள் இன்னும் இரண்டு சொந்தக்காரர் வீடுகள், இரண்டிலும் காபி, இரண்டிலும் "பொண்ணு என்ன படிக்கிறா" விசாரணை. வீட்டுக்கு வந்து ஒருநாள் உடம்புக்கு முடியவில்லை என்று லீவு போட்டேன். தாராசுரம் தேர் மண்டபத்தை பத்தே நிமிஷம் பார்த்தேன், இன்னும் மனசு ஆறவில்லை.

அதனால் தேடும்போதே இதையும் ஒரு தகுதியாக வைத்துக்கொள்ளுங்கள். தரங்கம்பாடி, செஞ்சி, வால்பாறை, பழவேற்காடு, எது வேண்டுமானாலும் சரி, அங்கே தெரிந்த முகம் இருக்கக் கூடாது. பக்கத்து ஊரில் ஒருவர் இருந்தால்? போய்வந்த பிறகு போட்டோ போடுங்கள், முன்னால் அல்ல. கோபித்துக்கொள்வார்கள், அடுத்த கல்யாணத்தில் சரியாகிவிடும்.

அடுத்தது தேதி. வெளிநாடு என்றால் மூன்று மாதம் முன்பே தேதி குறித்து, லீவு எழுதிக் கொடுத்து, யார் என்ன சொன்னாலும் அசையாமல் இருக்கிறோம். உள்ளூர் என்றால் "பாத்துக்கலாம், எப்ப வேணா போகலாம்". எப்ப வேணா போகலாம் என்ற ஊருக்கு நாம் போனதே இல்லை. ரயில் முன்பதிவு இப்போது 60 நாளைக்கு முன்னால் காலை 8 மணிக்குத் திறக்கிறது (120 நாளாக இருந்ததை 2024 நவம்பரில் குறைத்துவிட்டார்கள்), அந்த 60ஆவது நாளை காலண்டரில் குறித்து வைத்து, ஐஆர்சிடிசி கணக்கில் ஆதாரையும் முன்கூட்டியே இணைத்துவிட்டு உட்காருங்கள். டிக்கெட் கையில் இருந்தால் லீவை மாற்றச் சொல்லும் மேலாளரிடம் பேச ஒரு தெம்பு வரும்.

மே மாதம் ஊட்டி, கொடைக்கானல் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன்: போகாதீர்கள். உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில் 2024 மே மாதத்திலிருந்து இரண்டு ஊருக்கும் வண்டியில் போக இ-பாஸ் எடுக்க வேண்டியிருக்கிறது, அவ்வளவு கூட்டம். போய்த்தான் ஆக வேண்டும் என்றால் ஜனவரி பிப்ரவரியில், வார நாளில், காரை விட்டுவிட்டுப் போங்கள். சென்னையிலிருந்து இரவு நீலகிரி எக்ஸ்பிரஸில் ஏறினால் விடிகாலையில் மேட்டுப்பாளையம், அங்கிருந்து காலையில் மலை ரயில். 46 கிலோமீட்டருக்கு மதியம் வரை போகும். கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்துக்கு நடுவில் பல்சட்டம் ஆரம்பிக்கும், எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறும், ரயில் பின்னாலிருந்து தள்ளப்படுகிறது என்பதே பல பேருக்கு உட்கார்ந்த பிறகுதான் தெரியும். இந்த அரை நாளை ஊட்டிக்குப் போகும் வழி என்று நினைக்காதீர்கள், டூரே இதுதான். ஊட்டி கொசுறு.

இப்போது பணம். இதில்தான் நாம் நம்மையே ஏமாற்றிக்கொள்கிறோம். வெளிநாட்டில் ஒரு ராத்திரிக்கு ஆறாயிரம் என்றால் "பரவாயில்லையே" என்கிறோம், காரைக்குடியில் நாலாயிரம் என்றால் "நம்ம ஊர்ல எதுக்கு இவ்ளோ, தூங்கத்தானே போறோம்" என்று பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஜன்னல் திறக்காத ரூமில் போய் விழுகிறோம். அப்புறம் உள்ளூர் டூர் சரியில்லை என்கிறோம். விமான டிக்கெட்டும் விசாவும் மிச்சம், அந்த மிச்சத்தில் கால்வாசியை ரூமில் போடுங்கள். வார நாளாக இருந்தால் ஆப்பில் விலை பார்த்துவிட்டு நேரே ஹோட்டலுக்கே போன் போட்டுக் கேளுங்கள், குறைத்துத் தருகிற இடங்கள் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரையிலான ரூமுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகிவிட்டது, பில்லில் அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் சமையலறை உள்ள ரூம் வேண்டவே வேண்டாம். இதை வீட்டில் சமைக்கிறவர்கள் மட்டும் சத்தமாகப் படியுங்கள். "கிச்சன் இருக்கு, ஒரு குக்கர் எடுத்துக்கிட்டா காசு மிச்சம்" என்று யாராவது ஆரம்பித்தால் அந்த மிச்சம் யார் கையால் வருகிறது என்று கேளுங்கள். ரயிலுக்குப் புளிசாதம் கட்டுவது வேறு, அது இல்லாமல் ரயில் நகராது. ஊரில் இறங்கிய பிறகு கரண்டியைத் தொடக் கூடாது. எனக்கு லீவா இல்லையா என்பதற்கு அளவுகோல் கிலோமீட்டர் கிடையாது, காலையில் "இன்னிக்கு என்ன டிபன்" என்ற கேள்விக்கு நான் பதில் சொல்ல வேண்டுமா இல்லையா என்பதுதான்.

போன் அடுத்த தொல்லை. பாலிக்குப் போனவளை ஆபீஸில் யாரும் கூப்பிடவில்லை, ரோமிங், நேர வித்தியாசம், பாவம் வெளிநாட்டில் இருக்கிறாள். காரைக்குடியில் இருப்பவளை "இங்கதானே இருக்கீங்க, அஞ்சு நிமிஷம்" என்று கூப்பிடுவார்கள். அதற்காக நான் ஊர் பெயரையே சொல்வதில்லை இப்போது, "வெளியூர், சிக்னல் இருக்காது" என்பதோடு சரி. அம்மாவுக்கு மட்டும் வீட்டுக்காரரின் இன்னொரு நம்பரைக் கொடுத்துவிட்டு ஆபீஸ் சிம்மை அணைத்து வைத்தேன். முதல் நாள் கை அரித்தது, இரண்டாம் நாள் மறந்தே போனது.

கடைசியாக, ஒரே ஊரில் மூன்று ராத்திரி தங்குங்கள். மூன்று நாளில் ஏழு ஊர் என்ற பேக்கேஜில் பார்ப்பது வேன் ஜன்னலைத்தான். நாங்கள் பல்லவன் எக்ஸ்பிரஸில் போய்க் காரைக்குடியில் இறங்கினோம், டிசம்பர் மாதம், வெயில் பொறுக்கக்கூடிய அளவில். மூன்று நாளும் அதே ரூம். காலையில் ஓர் இடம், அவ்வளவுதான். மதியம் தூக்கம், கோயில் நடை சாத்தியிருக்கும் நேரத்தில் ஊரே தூங்குகிறது, நாம் மட்டும் ஏன் அலைய வேண்டும். ஒருநாள் சேதுபதிகள் கட்டிய திருமயம் கோட்டை, பாறை உச்சியில் ஒரு பீரங்கி, நல்ல காற்று. ஒருநாள் கானாடுகாத்தான் தெருக்கள். முன்வாசலில் நின்று பார்த்தால் முற்றம் முற்றமாகத் தாண்டிப் பின்தெருக் கதவு வரை நேராகத் தெரிகிற வீடுகள், பர்மாவில் சம்பாதித்த பணமும் பர்மாத் தேக்குமாக நிமிர்ந்து நிற்பவை, நிறைய வீடுகளில் பூட்டு, கல்யாணம் காட்சிக்கு மட்டும் திறப்பார்களாம்.

ஆத்தங்குடியில் ஒரு டைல்ஸ் பட்டறைக்கு அரைமணி நேரம் என்று போய் ஒரு காலைப் பொழுது முழுக்க உட்கார்ந்துவிட்டோம். ஒரு சதுரக் கண்ணாடியைத் துடைத்து வைத்து, சுற்றிச் சட்டம் மாட்டி, அதற்குள் பூ வடிவில் உள்ள உலோக அச்சை இறக்குகிறார் ஒருவர். சின்னக் கரண்டியால் இதழுக்கு ஒரு சிவப்பு, நடுவுக்கு ஒரு மஞ்சள், ஓரத்துக்குப் பச்சை என்று கரைத்த சிமென்ட் சாயத்தை ஊற்றுகிறார், தோசைக்கு மாவு ஊற்றுகிற லாவகம், ஒரு துளிகூட அச்சின் பக்கத்துக் கட்டத்துக்குள் சிந்தவில்லை. அச்சை நேராக மேலே தூக்குகிறார், நிறங்கள் கலக்காமல் அப்படியே நிற்கின்றன. மேலே உலர்ந்த மணலும் சிமென்டும் தூவி, அதன் மேல் ஈரக் கலவையை அப்பி, சமன் செய்து தள்ளி வைக்கிறார். பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊற வேண்டும், காய வேண்டும், அப்புறம்தான் கண்ணாடி பிரியும். பாலிஷ் எதுவும் போடுவதில்லை, கண்ணாடியில் ஒட்டியிருந்த முகம்தான் அந்த மினுமினுப்பு. எங்கள் பெண் ஒரு கரண்டி ஊற்றிப் பார்க்கட்டுமா என்று கேட்டாள், கொடுத்தார், பச்சை மஞ்சளுக்குள் ஓடிவிட்டது. அவர் சிரித்துவிட்டு வழித்துப் போட்டார். எங்களுக்கு வேறு எங்கும் போக வேண்டிய அவசரம் இல்லை, அதனால்தான் அவளுக்கு அந்தக் கரண்டி கிடைத்தது.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். வெளிநாட்டில் மொழி புரியாததால் வரும் ஓய்வு ஒன்று இருக்கிறது, பக்கத்து மேஜைக்காரர் சண்டை நம் காதில் ஏறாது. அது தமிழ்நாட்டுக்குள் கிடைக்காது. அது வேண்டுமென்றாலும் பாஸ்போர்ட் தேவையில்லை, ஒரு ராத்திரி ரயிலில் படுத்தால் கண்ணூரில் எழுந்திருக்கலாம், போர்டில் இருக்கும் எழுத்தே மாறிவிடும். இரண்டு ராத்திரி என்றால் இன்னும் எவ்வளவோ தூரம்.

திரும்பும் டிக்கெட்டை ஞாயிறு காலைக்குப் போடாதீர்கள், சனிக்கிழமை காலை வீடு சேருகிற மாதிரி போடுங்கள். ஒருநாள் துணி துவைக்க, ஒருநாள் சும்மா இருக்க. வந்த அன்றைக்கு மாவு அரைக்க வேண்டாம், ராத்திரிக்கு வெளியே பரோட்டா சொல்லிவிடுங்கள். போட்டோவைத் திங்கள்கிழமை சாப்பாட்டு நேரத்தில் காட்டினால் போதும், அத்தைக்கு அதற்குள் எப்படியும் தெரிந்திருக்கும்.