ஹொமாரே சவாவின் கோர்னர் கோலை எங்கள் பிள்ளைகளுக்குப் பழக்குவது

2011 மகளிர் உலகக் கிண்ண உதைபந்தாட்ட இறுதியாட்டத்தின் 117ஆவது நிமிடம். அயா மியாமா எடுத்த கோர்னரை (மூலை உதையை), கிட்டிய கம்பத்தருகே பாய்ந்து வெளிப்பாதத்தால் தட்டி, ஜப்பானுக்குச் சமநிலை எடுத்துக் கொடுத்தார் நடுக்கள வீராங்கனை சவா. யாழ்ப்பாணத்துப் பாடசாலை அணிகள் பழக வேண்டிய அருமையான கோல் இது.

முதலில் பந்தைக் கையால் எறிந்தே பழக்குங்கள். ஓடுபவர் பெனால்டிப் புள்ளியடியில் நிற்கட்டும். எறிபவரோ உதைப்பவரோ அடியெடுத்து வைத்த பிறகே கோலுக்கு முன்னுள்ள சிறு பெட்டியின் கிட்டிய மூலைக்குப் பாய வேண்டும். முந்தி ஓடினால் பந்து முதுகுக்குப் பின்னால் போய்விடும். பெரும்பாலும் பிழைப்பது இங்கேதான். கணுக்காலை இறுக்கிப் பந்தைத் தொட்டாலே போதும். வீசி அடித்தால் குறுக்குக் கம்பத்துக்கு மேலால் போகும். சோளகக் காற்று வீசும் மாதங்களில் உயர்ந்த பந்து திசைமாறும். இடுப்புக்குக் கீழாகவே அனுப்பச் சொல்லுங்கள். தடுப்பாளரையும் கோல் காப்பாளரையும் கடைசியாகச் சேருங்கள்.