கட்டுநாயக்கவிலிருந்து சியோல்: பறக்கும் தூரத்தையும் நேரத்தையும் நீங்களே கணக்குப் பார்ப்பது எப்படி?

கொரியாவில் வேலைக்குப் போவதற்கான மொழிப் பரீட்சையில் தேறி டிக்கெட் கைக்கு வந்ததும் மட்டக்களப்புப் பொடியன்களிடம் வீட்டார் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை மணித்தியாலம் பறக்கவேணும்?" புறப்படுவது 19.00, இறங்குவது மறுநாள் 06.15 என்று டிக்கெட்டில் இருந்தால், அப்படியே கழித்துப் பதினொன்றேகால் என்று சொல்லிவிடுகிறார்கள். தவறு. எப்படிப் பார்ப்பதென்று சொல்கிறேன், கல்குலேட்டர் இருந்தால் போதும்.

முதலில் தூரம். கணினியில் கூகுள் மேப்ஸைத் திறந்து, இலங்கையின் கட்டுநாயக்க விமான நிலையத்தின் மேல் வலது கிளிக் செய்து தூரம் அளப்பதைத் தெரிவுசெய்யுங்கள். அப்புறம் இஞ்சியோன் விமான நிலையத்தில் ஒரு கிளிக், சியோலுக்குப் போகும் வெளிநாட்டு விமானங்கள் பெரும்பாலும் இறங்குவது அங்கேதான். ஏறக்குறைய 5,770 கிலோமீட்டர் வரும். கோடு வளைந்து தெரியும், பயப்படாதீர்கள். உருண்டையான பூமியைத் தட்டையாக விரித்தால் குறுக்குவழியும் வளைந்துதான் தெரியும். நம்பாவிட்டால் பள்ளிக்கூடத்துப் பூகோள உருண்டையில் இரண்டு ஊருக்கும் இடையே நூலை இழுத்துப் பிடியுங்கள்: வங்கக் கடல், மியன்மார், சீனாவின் யுனான் என்று போகும். அதே நூலைப் பூமத்திய ரேகையிலிருந்து நேரே வடக்காக வைத்தால் 52 பாகை அளவுக்கு நிற்கும். ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர், பெருக்கினால் 5,772. எனக்கு மேப்ஸை விட இந்த நூல்தான் பிடிக்கும்.

அடுத்தது நேரம். பெரிய ஜெட் விமானம் உயரத்துக்குப் போனபின் மணிக்கு 850 முதல் 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். 850 என்றே வையுங்கள். 5,770ஐ 850ஆல் வகுத்தால் 6.8, ஏறவும் இறங்கவும் முக்கால் மணித்தியாலம் கூட்டினால் ஏழரை. விமானங்கள் தங்களுக்குக் குறித்த வான்பாதையில்தான் போகவேண்டும் என்பதால் கொஞ்சம் கூடும்.

இப்போது டிக்கெட்டை எடுங்கள். அதிலுள்ள இரண்டு நேரமும் அந்தந்த ஊர் நேரம். கொரியா நம்மை விட 3.30 மணித்தியாலம் முன்னே இருப்பதால், 11.15இல் 3.30ஐக் கழித்தால் 7.45. நம் கணக்கோடு ஒத்துப்போகிறது, சரி, நேரடி விமானம்தான். இதே கழிவுக்குப் பிறகும் 14, 16 என்று வந்தால் நடுவில் எங்கேயோ ட்ரான்சிட் இருக்கிறது, டிக்கெட் எடுத்துத் தந்தவரிடம் கேளுங்கள். சிங்கப்பூர் வழியாகப் போனால் 2,740உம் 4,630உம் சேர்ந்து 7,370 கிலோமீட்டர் ஆகிவிடும். அப்படியானால் ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாகக் கணக்குப் பார்த்து, இடையில் காத்திருக்கும் நேரத்தைக் கூட்டுங்கள்.

திரும்பி வரும்போது கழிக்கக் கூடாது, கூட்டவேண்டும். இரவு 22.20க்குக் கிளம்பி 03.20க்கு இறங்கினால் 5 மணித்தியாலம் போலத் தெரியும், உண்மையில் 8.30. போகும்போதை விட ஏன் அதிகம் என்றால், அந்த உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்று போகையில் முதுகில் தள்ளும், வருகையில் முகத்தில் அடிக்கும். குளிர்காலத்தில் இன்னும் பலமாக இருக்கும்.

இதில் மட்டக்களப்பிலிருந்து கட்டுநாயக்க போவதைச் சேர்க்கவில்லை. நேர்கோட்டில் 210 கிலோமீட்டர்தான், பொலன்னறுவை, தம்புள்ளை, குருநாகல் என்று சுற்றும் வீதியில் 300ஐ நெருங்கும். பஸ்ஸில் ஏறினால் சியோலுக்குப் பறக்கும் நேரம் அதற்கே போய்விடும்! 19.00 விமானத்துக்கு 16.00க்கே நிலையத்தில் நிற்கவேண்டும், ஆகவே முதல்நாள் இரவு பஸ்ஸைப் பிடியுங்கள்.