பொறியியல் ஜியாலஜி படிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொறியியல், சுற்றுச்சூழல் ஜியாலஜி எடுத்துப் படிக்கும் பலர் பாறையின் பெயரைக் கண்டுபிடித்ததும் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். சார்னோகைட், நைஸ், டோலரைட் என்று சரியாகவே சொல்வார்கள். ஆனால் அணை கட்டுகிறவர் கேட்பது வேறு. பாறை எவ்வளவு சிதைந்திருக்கிறது, விரிசல்கள் எந்தப் பக்கம் சாய்கின்றன, நடுவில் களிமண் இருக்கிறதா, தண்ணீர் எங்கே புகுகிறது? பிரான்சில் மால்பாசே அணை 1959 டிசம்பரில் உடைந்து 400 பேருக்கு மேல் இறந்தார்கள். அங்கே அடியில் இருந்ததும் நைஸ்தான். பிசகியது கான்கிரீட் அல்ல, இடது கரையில் பாறைக்குள் இருந்த பலவீனமான தளங்கள்.

அடுத்தது கோர் பாக்ஸ், அதாவது துளையிட்டு எடுத்த உருளை வடிவப் பாறைத் துண்டுகளை (கோர்) அடுக்கி வைக்கும் பெட்டி. மாணவர்கள் உட்கார்ந்ததுமே ஸ்கேலை எடுத்துவிடுவார்கள். பாறையின் தரத்தைக் காட்டும் ஆர்.க்யூ.டி. (Rock Quality Designation) என்பது 10 செ.மீ.க்குக் குறையாத துண்டுகளின் நீளத்தைக் கூட்டி, துளையிட்ட மொத்த நீளத்தால் வகுத்து வரும் சதவீதம். 150 செ.மீ. துளையில் 35, 22, 12, 8, 6 செ.மீ. துண்டுகளும் மீதி பொடிக்கற்களும் கிடைத்தன என்று வையுங்கள். முதல் மூன்றை மட்டும் கூட்டினால் 69, அதாவது 46%. பாறை 'மோசம்' என்ற வகுப்புக்குப் போய்விடும். இப்போது அடுத்தடுத்துக் கிடக்கும் 8, 6 துண்டுகளைக் கையில் எடுத்து ஒட்டிப் பாருங்கள். முறிந்த முகம் புதிதாக, துருக்கறை இல்லாமல், ஒன்றோடொன்று அச்சாகப் பொருந்தினால் அது துளையிடும்போது உடைந்தது. அதை 14 செ.மீ. துண்டாகவே எடுக்க வேண்டும். இப்போது 83, அதாவது 55%, 'சுமார்' வகுப்பு. அஸ்திவாரத்தின் செலவே இந்த ஒரு முறிவைப் பார்ப்பதில் மாறலாம். அதனால் கோர் வெளியே வந்ததும், காய்ந்து வெடிப்பதற்குள் அளந்துவிடுங்கள்.

நீலகிரி போன்ற இடங்களில் இன்னொரு ஏமாற்று உண்டு. சார்னோகைட் சிதைந்து செம்மண்ணாகும்போது உருண்டைக் கற்கள் மட்டும் சிதையாமல் நடுவில் தங்கிவிடும். துளைக்கருவி அதில் முட்டியதும் "பாறை வந்துடுச்சு" என்று குறித்துவிட்டால், அடியில் மறுபடியும் மண்தான் இருக்கும். கெட்டிப்பாறைக்குள் 3 மீட்டராவது இறங்கிப் பார்க்காமல் நம்பாதீர்கள்.

சுற்றுச்சூழல் பக்கம் நடக்கும் தவறு தண்ணீர் மாதிரி எடுப்பதில்தான். தருமபுரிப் பக்கம் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1 மி.கி. வரைதான் ஏற்கத்தக்கது, வேறு வழியில்லாதபோது 1.5. இவ்வளவு சின்ன வித்தியாசத்தை அளக்கப் போகிறவர் மோட்டாரைப் போட்ட உடனே பாட்டிலை நீட்டக் கூடாது. குழாயில் தேங்கிய பழைய நீர் போகட்டும், வெப்பநிலையும் மின்கடத்துதிறனும் நிலையாகட்டும், அப்புறம் பிடியுங்கள். ஃப்ளோரைடு கண்ணாடியோடு வினைபுரியும் என்பதால் பிளாஸ்டிக் பாட்டில்தான். அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். (pH) அளவை லேப் வரை தள்ளிப்போடாமல் அங்கேயே அளந்துவிடுங்கள்.

பாறை விரிசல்களின் சாய்வை அளக்கும்போது இரும்புச் சுத்தியலைக் காம்பஸிலிருந்து தள்ளி வையுங்கள். நோட்டை அன்றைய இரவே சரிபார்த்துவிடுங்கள்.