ஹெல்த்கேர் அட்மினிஸ்ட்ரேஷன் பட்டம்: எந்தக் கல்லூரி உண்மையில் மலிவு என்று கணக்கிடுவது எப்படி?

மருத்துவமனை போன்ற சுகாதார நிறுவனங்களை நிர்வகிக்கக் கற்றுத்தரும் இந்தப் படிப்பை அமெரிக்காவில் தேடினால் 'ஒரு கிரெடிட்டுக்கு (பாட அளவின் அலகு) இத்தனை டாலர்' என்ற விளம்பரம்தான் முதலில் கண்ணில் படும். அந்த எண்ணை மட்டும் நம்பிக் கல்லூரியை முடிவு செய்யாதீர்கள். ஒப்பிட வேண்டியது, இன்றிலிருந்து பட்டம் கைக்கு வரும்வரை உங்களிடமிருந்து போகும் மொத்தத் தொகை. எக்செல் தாள் ஒன்றைத் திறந்து, கல்லூரிக்கு ஒரு வரிசை ஒதுக்குங்கள்.

படி 1: ஒரே வகைப் படிப்புகளைத் திரட்டுங்கள்

அமெரிக்கக் கல்வித் துறையின் 'காலேஜ் நேவிகேட்டர்' தளத்தில் படிப்பு வாரியாகத் தேடலாம். ஹெல்த்கேர் அட்மினிஸ்ட்ரேஷனுக்கான வகைப்பாட்டு எண் 51.0701. பெயரை மட்டும் பார்த்தால் குழப்பம்தான்: மருத்துவப் பதிவேடுகளை நிர்வகிக்கும் படிப்பு (51.0706) வேறு வேலைக்கானது. இளங்கலையையும் முதுகலையையும் ஒரே தாளில் கலக்காதீர்கள்.

கல்லூரிக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். அது இல்லாத இடத்தில் மத்திய அரசின் கல்வி உதவி கிடைக்காது. இந்தத் துறையின் படிப்புகளைத் தனியாக மதிப்பிடும் 'கேமி' (CAHME) அமைப்பின் அங்கீகாரம் முக்கியமாக முதுகலைப் படிப்புகளுக்கானது. இளங்கலையில் அது இல்லையே என்று கவலைப்பட வேண்டாம்.

படி 2: மீதமுள்ள கிரெடிட்டை விலையால் பெருக்குங்கள்

இளங்கலைக்குப் பொதுவாக 120 செமஸ்டர் கிரெடிட். சில கல்லூரிகள் ஆண்டைச் சிறு பருவங்களாகப் பிரிக்கும் குவார்ட்டர் முறையில் 180 கிரெடிட் கேட்கும். இரண்டும் ஒரே அளவு படிப்புதான். விலையில் ஏமாறுவது இங்கேதான். குவார்ட்டர் கிரெடிட் 200 டாலர் என்றால் மொத்தம் 36,000. செமஸ்டர் கிரெடிட் 270 டாலர் என்றால் 32,400. 'விலை கூடுதல்' என்று தோன்றியதே குறைவு!

அடுத்தது, வேறு இடத்தில் ஏற்கெனவே படித்த கிரெடிட்டுகள். மொத்தச் செலவைப் பெரும்பாலும் தீர்மானிப்பது இதுதான். கற்பனையாக இரண்டு கல்லூரிகளை எடுத்துக்கொள்வோம். முதலாவது கிரெடிட்டுக்கு 300 டாலர் வாங்குகிறது, உங்கள் பழைய கிரெடிட்டுகளில் 30-ஐ ஏற்கிறது. மீதி 90, செலவு 27,000. இரண்டாவது 420 டாலர் வாங்குகிறது, ஆனால் 70-ஐ ஏற்கிறது. மீதி 50, செலவு 21,000.

ஆனால் 'ஏற்றோம்' என்ற சொல்லை அப்படியே நம்பக் கூடாது. 70 கிரெடிட்டையும் வெறும் விருப்பப் பாடங்களாக வரவு வைத்துவிட்டு, அக்கவுண்டிங்கையும் புள்ளியியலையும் மறுபடி படிக்கச் சொல்லும் கல்லூரிகள் உண்டு. 'எத்தனை ஏற்பீர்கள்?' என்று கேட்பதோடு நிற்காமல், 'பட்டத்துக்கு இன்னும் எத்தனை பாக்கி?' என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். தொலைபேசியில் ஆலோசகர் சொன்னது பின்னால் செல்லாது.

இதோடு தொழில்நுட்பக் கட்டணம், ஆன்லைன் கட்டணம், பயிற்சிக்கு முன் பின்னணிச் சோதனை எனச் சில்லறைகள் வரும். அவை சில்லறையும் அல்ல: கிரெடிட்டுக்கு 35 டாலர் கட்டணம் 90 கிரெடிட்டில் 3,150 டாலராகிவிடும்.

படி 3: இலவசப் பணத்தை மட்டும் கழியுங்கள்

கிராண்டும் ஸ்காலர்ஷிப்பும் கழிக்க வேண்டியவை; கடன் அல்ல. உதவித்தொகைக் கடிதங்களில் கடனையும் 'உதவி' என்ற தலைப்பிலேயே சேர்த்திருப்பார்கள், பிரித்துப் பாருங்கள்.

குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ளவர்கள் மத்திய அரசின் கல்வி உதவிக்கான 'ஃபாஃப்சா' (FAFSA) படிவம் நிரப்ப வேண்டும். பண வசதி குறைந்தவர்களுக்கு மத்திய அரசு முதல் இளங்கலைப் பட்டத்துக்குத் தரும் பெல் கிராண்ட் 2025–26இல் அதிகபட்சம் 7,395 டாலர். பாதி நேரம் படித்தால் தொகையும் அதற்கேற்பக் குறையும். முழுத் தொகையைக் கழித்துவிட்டுப் பிறகு திகைக்காதீர்கள். மருத்துவமனையில் வேலை செய்பவர்கள் மனிதவளப் பிரிவில் விசாரியுங்கள்: முதலாளி தரும் கல்வி உதவியில் ஆண்டுக்கு 5,250 டாலர் வரை வரி இல்லை.

தளங்களில் வரும் 'நெட் பிரைஸ்' (உதவித்தொகை கழித்த செலவு) சராசரி, முதல்முறை கல்லூரியில் சேர்ந்து முழுநேரம் படிக்கும் இளங்கலை மாணவர்களைக் கொண்டது. நடுவில் மாறி வருபவருக்கும், வேலை பார்த்தபடி பகுதிநேரம் படிப்பவருக்கும் அது பொருந்தாது.

படி 4: காலத்தையும் விசாவையும் சரிபாருங்கள்

வெஸ்டர்ன் கவர்னர்ஸ் பல்கலைக்கழகம் போன்றவை பாடக் கணக்கில் வாங்காமல், 6 மாதப் பருவம் ஒன்றுக்கு ஒரே கட்டணம் வாங்குகின்றன. வேகமாக முடிப்பவருக்கு இது லாபம். 4 பருவத்தில் முடிக்கத் திட்டமிட்டு 6 பருவம் இழுத்தால் செலவு ஒன்றரை மடங்கு.

எஃப்-1 மாணவர் விசாவில் வருபவர்களுக்கு ஃபாஃப்சா உதவி இல்லை. முழு ஆன்லைன் படிப்பு எவ்வளவு மலிவானாலும் அந்த விசாவுக்கு ஆகாது. ஒரு பருவத்தின் முழுநேரப் படிப்புக் கணக்கில் ஒரே ஒரு ஆன்லைன் வகுப்பைத்தான், 3 கிரெடிட் வரை, சேர்க்க முடியும். எனவே நேரடி வகுப்பின் கட்டணத்தோடு தங்குமிடம், காப்பீடு இரண்டையும் தாளில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முன்பணம் கட்டும் முன், உங்கள் ஸ்காலர்ஷிப் முதல் ஆண்டுக்கு மட்டுமா, புதுப்பிக்க எத்தனை ஜி.பி.ஏ. (மதிப்பெண் சராசரி) வேண்டும் என்று கேட்டு, பதிலைத் தாளின் கடைசி நெடுவரிசையில் எழுதுங்கள். முதல் ஆண்டுக்கு மட்டும் என்றால் அதை ஒரே ஒரு முறைதான் கழிக்க வேண்டும்.