பழைய லப்டொப்பில் லினக்ஸ் போட்டபின் வைபை வரவில்லையா?

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு மைக்ரோசொஃப்ட் விண்டோஸ் 10க்கான ஆதரவை நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11ஐ ஏற்காத லப்டொப்கள் திருகோணமலையில் பல வீடுகளில் சும்மா கிடக்கின்றன. உயர்தரம் படிக்கும் பிள்ளைக்கு, விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்தால் இன்னும் சில வருடங்கள் தாராளமாக ஓடும். ஆனால் போட்டு முடித்ததும் வைபை அடையாளத்தையே காணோம் என்று பலர் கைவிட்டுவிடுகிறார்கள். கார்ட் பழுதாகவில்லை, அதை இயக்கும் மென்பொருளான டிரைவர்தான் இல்லை.

படி 1: சிப்பைக் கண்டுபிடியுங்கள்

மின்ட் எழுதிய பென்டிரைவிலிருந்தே பூட் பண்ணுங்கள். ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமலே முழு சிஸ்டமும் ஓடும். மெனுவில் சிஸ்டம் இன்ஃபர்மேஷனைத் திறந்து நெட்வேர்க் பகுதியைப் பாருங்கள். இன்டெல் என்றிருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. புரோட்கொம் என்றிருந்தால் இந்தப் பதிவு உங்களுக்குத்தான். அந்த நிறுவனம் 2010இல் சில சிப்களுக்குத் திறந்த மூல டிரைவரை, அதாவது நிரலை எல்லோரும் பார்க்கக்கூடிய டிரைவரை, வெளியிட்டது. பழைய டெல், எச்பி லப்டொப்களில் அடிக்கடி காணப்படும் பிசிஎம்43142 அதில் அடங்காது. அதற்கு நிரல் வெளியிடப்படாத மூடிய டிரைவரைத் தனியாகப் போட வேண்டும்.

படி 2: போனிலிருந்து இணையம்

மின்டை நிறுவியபின் அன்ட்ரொய்ட் போனைக் கேபிளால் இணைத்து, போனின் இணையத்தைக் கேபிள் வழியே தரும் யூஎஸ்பி டெதரிங்கை ஒன் செய்யுங்கள். ஹொட்ஸ்பொட் உதவாது, அதற்கும் வைபை வேண்டுமே. இணைப்பு விட்டுவிட்டு வந்தால் வேறு போர்ட்டில் குத்திப் பாருங்கள். கடற்காற்று படும் வீடுகளில் போர்ட்டின் உள்ளே துரு பிடித்திருக்கலாம்.

படி 3: டிரைவர் மேனேஜர்

மெனுவில் டிரைவர் மேனேஜரைத் திறந்து, பரிந்துரைக்கப்பட்ட புரோட்கொம் டிரைவரைத் தெரிவுசெய்து அப்ளை கொடுங்கள்.

படி 4: நீலத் திரையைத் தாண்டிவிடாதீர்கள்

எல்லாம் சரியாகச் செய்தும் வைபை வராமல் போவது பெரும்பாலும் இங்கேதான். நம்பகமான மென்பொருளை மட்டும் ஓடவிடும் செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதி ஒன்னில் இருந்தால், டிஜிட்டல் கையொப்பமில்லாத டிரைவரை லினக்ஸ் உள்ளே விடாது. உங்கள் மெஷினிலேயே உருவாகும் இந்த டிரைவருக்கு மெஷினே ஒரு சாவியை உருவாக்கிக் கையொப்பமிடுகிறது. அந்தச் சாவியை நம்பலாம் என்று நீங்கள் நேரில் இருந்து உறுதிசெய்ய வேண்டும். அதற்காகத்தான் டிரைவர் போடும்போது ஒரு பாஸ்வேர்ட் கேட்கிறது. எட்டு இலக்க எண் கொடுத்து, தாளில் எழுதி வையுங்கள். ரீஸ்டார்ட் ஆனதும் நீலத் திரை வரும். சில விநாடிகளில் ஒரு விசையைத் தட்டாவிட்டால் அது தானாகவே போய்விடும். அதில் 'என்ரோல் மொக்' (அந்தச் சாவியைப் பதிவுசெய்வது), பிறகு 'கன்டினியூ', 'யெஸ்'. பாஸ்வேர்டைக் கொடுத்து ரீபூட் செய்யுங்கள்.

செக்யூர் பூட் இல்லாத பழைய மெஷின்களில் இந்தப் படியே வராது.

இதற்குப் பிறகும் வைபை வராவிட்டால் ஒரு யூஎஸ்பி வைபை டொங்கிள் வாங்குங்கள். கடையில் கேட்க வேண்டியது பிராண்டை அல்ல, உள்ளே இருக்கும் சிப்பை. அதெரோஸ் ஏஆர்9271 என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். அதன் டிரைவர் லினக்ஸுக்குள்ளேயே இருக்கிறது.