புதிய நாய்க்கு வீட்டின் ஓசைகளைப் பழக்குவது எப்படி?

2023ஆம் ஆண்டு புரட்டாசியின் இரண்டாம் வாரத்தில், தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் சாட்ஸ்வர்த்திலுள்ள எங்கள் வீட்டிற்கு விலங்குக் காப்பகம் ஒன்றிலிருந்து இரண்டு வயது மதிக்கத்தக்க பெண் நாய் ஒன்றை அழைத்து வந்தோம். இவ்வூரில் ‘பேவ்மென்ட் ஸ்பெஷல்’ என்று செல்லமாகச் சொல்லப்படும் கலப்பினம் அது. நிறத்தைப் பார்த்து எங்கள் ஆயா (பாட்டி) அதற்குச் செவலை என்று பெயர் வைத்தார். அது இந்த வீட்டைத் தன் வீடாக ஏற்றுக்கொள்ள மூன்று மாதங்களாயின. முதல் மூன்று வாரங்களை நானே வீணாக்கினேன் என்பதால், முதன்முறையாக நாய் வளர்ப்பவர்கள் அதே இடத்தில் தடுக்கி விழாமலிருக்க இதை எழுதுகிறேன். கிண்ணம், படுக்கை, தண்ணீர் ஆகியவற்றைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

வருவதற்கு முன்பு

கேட்டின் அடியிலும் பக்கவாட்டிலும் நாயின் தலை நுழையும் இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள், ஏனெனில் தலை நுழைந்தால் உடலும் பெரும்பாலும் நுழைந்துவிடும். நம் வீடுகளில் தானாகத் திறக்கும் கேட், சமையலறைக்குக் கம்பிக் கதவு என்று இரண்டு தடுப்புகள் உண்டு. இரண்டும் ஒரே நேரத்தில் திறந்திருக்கக் கூடாது என்பதை, சிறுவர்கள் உட்பட வீட்டிலுள்ள அனைவரும் நாய் வருவதற்கு முன்பே பழகிக்கொள்ள வேண்டும். கழுத்துப்பட்டையில் தொலைபேசி எண் பொறித்த தகடு முதல் நாளிலேயே தொங்க வேண்டும். காப்பகத்தில் மைக்ரோசிப் (தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லு) பொருத்தியிருந்தால், அதன் பதிவில் இருக்கும் தொலைபேசி எண் உங்களுடையதுதானா என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

நடத்திச் செல்வதற்கு, மார்பின் முன்புறத்தில் வளையம் உள்ள மார்புப்பட்டையையும் சாதாரணத் துணிவாரையும் நான் பரிந்துரைக்கிறேன். பொத்தானை அழுத்தினால் நீண்டு சுருங்கும் வாரை ஒருபோதும் வாங்காதீர்கள். அதன் பிளாஸ்டிக் பிடி கைதவறித் தரையில் விழுந்தால், அந்தச் சத்தமே மிரண்ட நாயைத் துரத்திக்கொண்டு வரும். கழுத்தை இறுக்கும் சங்கிலி எந்த நாய்க்கும் தேவையில்லை.

முதல் மூன்று நாட்கள்

வந்தவுடன் முற்றத்தில் ஓரிடத்தில் சிறுநீர் கழிக்க விடுங்கள், பிறகு ஓர் அறைக்கு அழைத்துச் செல்லுங்கள், அவ்வளவுதான். குளிப்பாட்ட வேண்டாம், முழு வீட்டையும் சுற்றிக் காட்டவும் வேண்டாம். புதுவரவைப் பார்க்க உறவினர்கள் திரண்டு வருவது நம் வழக்கம் என்றாலும், ஒரு வாரத்திற்கு அவர்களை அன்போடு தடுத்துவிடுங்கள். காப்பகத்தில் கொடுத்த உணவையே முதலில் கொடுத்து, வேறு உணவுக்கு மாற்ற விரும்பினால் ஏழு முதல் பத்து நாட்களில் சிறிது சிறிதாகக் கலந்து மாற்றுங்கள்.

முதல் வாரத்திலேயே கால்நடை மருத்துவரிடம் காட்டுவதும் அவசியம். எங்கள் மாகாணமான குவாசுலு-நட்டாலில் வெறிநாய்க்கடி நோய் இன்னும் ஒழியவில்லை, அதற்கான தடுப்பூசி சட்டப்படி கட்டாயமானது. உண்ணியால் பரவும் பிலியரி என்னும் காய்ச்சல் சில நாட்களிலேயே நாயைக் கொன்றுவிடக்கூடியது. ஈறு வெளுத்தல், சோர்வு, உணவை மறுத்தல், சிறுநீர் கருஞ்சிவப்பாதல் ஆகியவற்றில் எதைக் கண்டாலும் மறுநாள்வரை காத்திருக்காதீர்கள். உண்ணிக்கான மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். சந்தையில் விற்கும் பொடிகளில் எனக்கு நம்பிக்கையில்லை.

தனியே விட்டுச் செல்லப் பழக்குதல்: நான் தவறிய இடம்

எங்கள் வீடு, இப்பகுதியில் பரவலாகக் காணப்படும், பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர் உள்ள வகையைச் சேர்ந்தது. ஆயாவை ஒரு நாள் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று நான்கு மணி நேரம் கழித்துத் திரும்பியபோது, சமையலறைக் கதவின் கீழ்ப்பகுதி முழுவதும் நகக்கீறல்களாக இருந்தது. நாங்கள் சென்ற நொடியிலிருந்து நாய் ஓயாமல் ஊளையிட்டதாகப் பக்கத்து வீட்டு அக்கா மிகுந்த தயக்கத்தோடு சொன்னார்.

கையேடுகளில் உள்ளபடியே பயிற்சியைத் தொடங்கினேன். சாவியை எடுத்துவிட்டு மீண்டும் வைப்பேன். கதவைத் திறந்து வெளியே நின்று பத்து விநாடிகளில் திரும்புவேன். பிறகு முப்பது விநாடிகள், பிறகு இரண்டு நிமிடங்கள். பயிற்சியின்போது செவலை அமைதியாகப் படுத்திருந்தது, உண்மையாக வெளியே சென்ற நாட்களில் மட்டும் ஊளையிட்டது. இப்படியே இரண்டு வாரங்களுக்கு மேல் ஓடின. இறுதியில் பழைய கைபேசி ஒன்றைச் சமையலறை மேடையில் சாய்த்து வைத்துப் பதிவுசெய்து பார்த்த பிறகே காரணம் விளங்கியது. நான் கதவைப் பூட்டும்வரை அது படுத்தே இருந்தது. கேட் மோட்டார் உறுமத் தொடங்கியவுடன் எழுந்தது, உதட்டை நக்கியது, மூச்சிரைத்தது, கேட் மூடி நின்ற ஓசைக்குப் பிறகு கதவைப் பிறாண்டியது. நான் பயிற்சியில் ஒரு முறைகூடக் கேட்டைத் திறந்ததில்லை! மனிதர்களுக்கு ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ்வரை கேட்கும் என்றால் நாய்களுக்கு 45,000 ஹெர்ட்ஸ்வரை கேட்கும் என்பதால், நமக்கு வெறும் உறுமலாகக் கேட்கும் மோட்டாரில் அதற்கு வேறு என்னவெல்லாம் கேட்டிருக்குமோ!

தீர்வுக்கான குறிப்பு ஆயாவின் விளக்கு மாடத்திலிருந்து கிடைத்தது. ஆயா நாள்தோறும் மாலை ஆறு மணிக்குக் காமாட்சி விளக்கை ஏற்றி மணியடிப்பார். அந்த மணி மோட்டாரைவிடக் கூர்மையாக ஒலித்தாலும், செவலை அதைக் கேட்டு வாலை ஆட்டிக்கொண்டு ஓடிவரும், ஏனெனில் மணி ஓய்ந்ததும் ஆயா அதற்கு ஒரு துண்டு வாழைப்பழம் கொடுப்பார். ஓசை முதலில், உணவு பிறகு என்ற வரிசை முதல் நாளிலிருந்தே மாறவில்லை. அதையே கேட்டிற்கும் செய்தோம்.

செய்முறை இதுதான். நீங்கள் வீட்டிற்குள் நாயின் அருகிலேயே அமர்ந்துகொண்டு ரிமோட்டை அழுத்துங்கள். மோட்டார் ஒலித்தவுடன் ஒரு சிறு துண்டு உணவைக் கொடுங்கள். உணவை முன்பே காட்டிவிட்டுப் பிறகு அழுத்தினால், உணவைப் பார்த்தாலே மோட்டார் வரப்போகிறது என்று நாய் அஞ்சக் கற்றுக்கொள்ளும். வரிசையைத் தலைகீழாக்குவதுதான் பெரும்பாலோர் செய்யும் பிழை. கேட் திறக்கும்போது நாய் வெளியே ஓடிவிடாதபடி கம்பிக் கதவு பூட்டியிருக்க வேண்டும். ஒரு வேளைக்கு ஐந்தாறு முறை, ஒரு நாளைக்கு இரண்டு வேளை போதும். மோட்டார் ஒலித்ததும் நாய் கதவைப் பார்க்காமல் உங்கள் கையைப் பார்க்கத் தொடங்கினால் அடுத்த கட்டத்திற்குச் செல்லலாம்; செவலைக்கு ஒன்பது நாட்களாயின.

(புரட்டாசி விரதத்தில் வீட்டிற்குள் இறைச்சி வராது என்பதால் ஆயா அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கைப் பயன்படுத்தச் சொன்னார். விரதம் முடிந்து கோழிக்கறி கிடைத்த பிறகும் செவலைக்குக் கிழங்கே பிடித்திருக்கிறது. ஆனால் பாயசமும் சர்க்கரைப் பொங்கலும் கொடுக்காதீர்கள், அவற்றிலுள்ள உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடும். கறிகளிலுள்ள வெங்காயமும், இம்மாகாணத்தில் விளையும் மக்கடேமியா கொட்டையும் நாய்க்கு நஞ்சு.)

அதன் பிறகு, சாவி, கம்பிக் கதவு, கார், கேட் என்று முழு வரிசையையும் செய்து, காரைத் தெருவில் நிறுத்தி ஒரு நிமிடத்தில் திரும்பினேன். நேரத்தை ஏறுவரிசையில் மட்டுமே நீட்டாமல், ஒரு நிமிடம், மூன்று, ஒன்றரை, ஐந்து, இரண்டு என்று கலந்து செய்யுங்கள். இல்லையென்றால், ஒவ்வொரு முறையும் கடினமாகிக்கொண்டே போகிறது என்பதை நாய் விரைவில் கணித்துவிடும். கைபேசிப் பதிவைத் தினமும் பாருங்கள். அது பதறத் தொடங்குவதற்கு முன்பே நீங்கள் உள்ளே வந்துவிட வேண்டும், பதறிவிட்டால் மறுநாள் பாதி நேரத்திற்கு இறங்க வேண்டும். இவ்வளவு நாட்களும் நாயை நீண்ட நேரம் தனியே விடவே கூடாது என்பதுதான் கடினமான நிபந்தனை. நான் இரண்டு வாரம் விடுப்பெடுத்தேன், மற்ற நாட்களில் ஆயா வெளியே செல்வதைத் தள்ளிவைத்தார். ஆறாவது வாரத்தில் செவலை நான்கு மணி நேரம் தூங்கியது.

நாய் தன்னையே காயப்படுத்திக்கொண்டாலோ, தரை நனையும் அளவுக்கு எச்சில் வடித்தாலோ இந்தப் பயிற்சி மட்டும் போதாது. மருத்துவர் தரும் மாத்திரை பயிற்சியை எளிதாக்கும், அதை வாங்குவதில் வெட்கப்பட எதுவுமில்லை.

பட்டாசு

அக்டோபர், நவம்பர் மாதங்களில் புதிய நாயை அழைத்து வராமலிருப்பதே நல்லது. அந்த ஆண்டு நவம்பர் 5ஆம் தேதி கை ஃபாக்ஸ் நாள் என்னும் ஆங்கிலேயர் வழக்கத்தின் வெடிகளும் 12ஆம் தேதி தீபாவளியும் ஒரு வார இடைவெளியில் வந்து, நாங்கள் பழக்கியதில் பாதியை அழித்துவிட்டன. பட்டாசுக்கு மோட்டார் முறை உதவாது, ஏனெனில் அது எப்போது, எவ்வளவு உரக்க வெடிக்கும் என்பது நம் கையில் இல்லை. வீட்டிற்குள் சன்னல் இல்லாத இடைவழியில் படுக்கையைப் போட்டு, மின்விசிறியை ஓடவிட்டு, உடனிருந்து சமாளித்தோம். நாய் அருகில் வந்து ஒட்டிக்கொண்டால் அணைத்துக்கொள்ளுங்கள், அதனால் அச்சம் வளராது.

பின்னர் சேர்த்தது

டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதியிலிருந்து ஒரு தம்பி, தன் நாய் மோட்டாருக்கு அஞ்சுவதில்லை, மின்வெட்டின்போது மட்டும் கட்டிலுக்கடியில் நுழைந்துவிடுகிறது என்று எழுதியிருந்தார். வீட்டு அலாரத்தின் பேட்டரி இறங்கும்போது எழும் ‘பீப்’ ஒலிதான் காரணம் என்று பதிவில் தெரிந்தது. பேட்டரியை மாற்றினாலே முக்கால்வாசிச் சிக்கல் தீரும். மீதிக்கு, அதே ஒலியைக் கைபேசியில் பதிவுசெய்து, மிகக் குறைந்த சத்தத்தில் தொடங்கி, மேற்சொன்ன வரிசையிலேயே பழக்குங்கள்.

சென்ற மாதம் எங்கள் கேட் மோட்டார் பழுதாகி, வேறு வகை மோட்டார் பொருத்த வேண்டியதாயிற்று. அதன் ஓசை முற்றிலும் வேறு என்பதால் செவலை மீண்டும் கதவருகே நின்றது. கிழங்கை அவித்து முதல் படியிலிருந்தே தொடங்கினோம், இம்முறை நான்கு நாட்களில் முடிந்தது.