மீன்தொட்டிக்குள் கல் அடுக்கும் முன்

போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்துத் தெருப் பையன் வந்து, "அண்ணா, தொட்டி செட் பண்ணிட்டேனுங்க, ஒரு பார்வை பாத்துட்டுப் போங்க" என்று கூப்பிட்டான். மூன்றடித் தொட்டி. உள்ளே மூன்று அங்குலத்துக்கு மணல். அதன் மேல் பாலக்காட்டுச் சித்தூர் புழையில் (ஆற்றில்) பொறுக்கிய கற்களைக் கோபுரம் மாதிரி அடுக்கியிருந்தான். பார்க்க அழகாகத்தான் இருந்தது. எனக்குத்தான் பகீர் என்றது. ஏழு வருஷத்துக்கு முன்னால் நானும் அச்சு அசலாக அப்படித்தான் அடுக்கினேன்.

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கல்லுக்குப் பஞ்சமில்லை. அதனால் இங்கே காசு கொடுத்துக் கல் வாங்குகிறவர்கள் குறைவு, கண்டபடி அடுக்குகிறவர்கள் அதிகம். கல்லைக் கழுவிப் போடு, கூர்முனை மீனைக் கிழிக்கும் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அதை விட்டுவிட்டு, அடிக்கடி கண்ணில் படுகிற மற்றத் தவறுகளை மட்டும் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் மணல், அப்புறம் கல்

இதைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். காரணம் கேட்டால் எல்லாரும் ஒரே பதில்தான் சொல்கிறார்கள்: "மணல் மெத்தை மாதிரிங்க, அடிக்கண்ணாடிக்குப் பாதுகாப்பு." நானும் அதையே நம்பினேன். நான்கடித் தொட்டி, சுமார் 250 லிட்டர். மணலைச் சமன்படுத்தி, 11 கிலோ உருண்டைக் கல் ஒன்றை நடுவில் வைத்து, அதன் மேல் இன்னும் இரண்டு கற்களை ஏற்றினேன். ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை. ஒரு ஜோடி கரிமீனை விட்டேன். ஆமாம், 2010இல் கேரளம் மாநில மீனாக அறிவித்த அதே கரிமீன்தான். வாழையிலையில் சுற்றிச் சுட்டுத் தின்ன வேண்டியதை ஏன் வளர்க்கிறாய் என்று மாமா இன்றைக்கும் கேட்கிறார்.

கரிமீன் முட்டையைக் கல்லில் ஒட்டவைக்கும். குஞ்சு பொரிந்ததும் அவற்றைக் கொண்டுபோய் விடுவதற்குத் தரையில் குழி பறிக்கும். வாய் நிறைய மணலை அள்ளும், அரையடி தள்ளிப் போய்த் துப்பும், திரும்பி வரும். எங்கள் ஜோடி அந்தப் பெரிய கல்லின் முன்பக்க விளிம்பைப் பிடித்துக்கொண்டது. இரண்டு வாரம் இந்த வேலை நடந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? கிட்ட உட்கார்ந்து செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். கல்லுக்கு அடியில் இரண்டு விரல் நுழைகிற அளவுக்குப் பொந்து விழுந்திருந்தது அந்தப் படங்களில் இப்போதும் தெளிவாகத் தெரிகிறது.

ராத்திரி இரண்டு மணி இருக்கும். பெரிய சத்தம் எல்லாம் இல்லை, 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம். கொஞ்ச நேரம் கழித்துத் தண்ணீர் கொட்டுகிற ஓசை. "மோட்டரை நிறுத்தலியாடா, டேங்க் வழியுது" என்று உள்ளேயிருந்து அம்மா குரல் கொடுத்தார். அடிக்கல் முன்பக்கம் சாய்ந்து, மேலே இருந்த கல் உருண்டு முன்கண்ணாடியில் மோதியிருந்தது. கீழ்மூலையிலிருந்து மேலே வரை ஒரே விரிசல். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தரையில் கிடந்தது. மெயின் சுவிட்சை அணைத்த பிறகுதான் ஹாலில் கால் வைத்தேன். அந்த ஒன்றைத்தான் அன்றைக்கு உருப்படியாகச் செய்தேன். மீன்களை அரிசி வேகவைக்கிற அண்டாவில் போட்டோம். பெண் மீன் பிழைத்தது. பிளைவுட் கட்டிலின் கால் ஊறிப் போய் இன்றைக்கும் செங்கல் வைத்துத்தான் நிற்கிறது.

தோண்டுகிற மீன் இல்லையென்றால் பரவாயில்லையே என்பார்கள். மணலுக்குள்ளேயே குடியிருக்கும் மலேசியன் டிரம்பெட் நத்தை போதும், கொஞ்சம் கொஞ்சமாக இளக்கிவிடும். நீங்களே குழாய் போட்டு அழுக்கை உறிஞ்சும்போது கல்லோரத்து மணலும் சேர்ந்து போகும். வீடியோக்களில் மணல் மேலேதானே வைக்கிறார்கள் என்று பையன் கேட்டான். அந்தத் தொட்டிகளில் பெரும்பாலும் ஓடுவது நியான் டெட்ரா என்கிற பொடி மீன். ஒரு குழி பறிக்க அதற்கு ஏழு ஜென்மம் வேண்டும். நம் ஊர்த் தொட்டியில் இருப்பது தோண்டுகிற மீன்கள்: பிளவர்ஹார்ன், கரிமீன், பள்ளத்தி. பள்ளத்தியின் பெயரிலேயே பள்ளம் இருக்கிறது.

சரி, எப்படி வைப்பது? வெறும் அடிக்கண்ணாடியில் தடித்த பிளாஸ்டிக் வலையை அளவாக வெட்டி விரியுங்கள். கோழிக்கூண்டுக்கு அடிக்கிறார்களே, அந்த வலை. கல்லின் ஒரே முனை கண்ணாடியைக் குத்தாமல் பாரம் பரவுவதற்குத்தான் இது. வலைக்கு அடியில் ஒரு சின்னக் கூழாங்கல்கூடச் சிக்கக் கூடாது, விரலால் தடவிப் பார்த்துவிடுங்கள். அதன் மேல் அடிக்கற்கள். எந்தக் கல்லையும் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தால் மூன்று இடத்தில் ஊன்றி நிற்கிற ஒரு பக்கம் அகப்படும், அதுதான் கீழே போக வேண்டும். கடைசியாகத்தான் மணல், கற்களைச் சுற்றி. மீன் அப்புறம் என்ன தோண்டினாலும் வலை வரைக்கும்தான்.

இன்னொன்று, இதையெல்லாம் நேராகத் தொட்டிக்குள் செய்து பழகாதீர்கள். தரையில் சாக்பீஸால் தொட்டியின் அளவுக்குக் கட்டம் போட்டு, அதற்குள் அடுக்கிப் பாருங்கள். நம் கை நழுவினால் உடைவது தரையாக இருக்கட்டும்.

கண்ணாடியில் சாய்த்து வைப்பது

கூடாது. சுற்றிலும் உள்ளங்கை போய்வர இடம் விடுங்கள்.

தண்ணீர் நிறைந்த பிறகு ஆட்டிப் பார்ப்பது

கருங்கல் தண்ணீரைவிடச் சுமார் 2.7 மடங்கு கனம். அதனால் 10 கிலோ கல் தண்ணீருக்குள் 6.3 கிலோதான் இருக்கும். நீங்கள் தண்ணீர் மாற்றும்போது பாதித் தொட்டி காலியாகும், வெளியே வந்த கல்லுக்கு முழு எடையும் திரும்பிவிடும். அதுவரை ஆடாமல் நின்ற அடுக்கு அப்போதுதான் கழுத்தைத் திருப்பும். ஆகவே சோதனையை வெறும் தொட்டியில் செய்யுங்கள். நான்கு பக்கமும் உள்ளங்கையால் தள்ளிப் பாருங்கள். 'டொக் டொக்' என்று சத்தம் வந்தால் பிரித்து மறுபடி அடுக்குங்கள். சில்லுக் கல்லைச் செருகிச் சமாளிக்க வேண்டாம், அது என்றைக்காவது நழுவும்.

ஸ்டாண்டையும் மறக்க வேண்டாம். 20 கிலோ கல் போட்டால், அது வெளியேற்றும் தண்ணீரைக் கழித்த பிறகும் ஏறக்குறைய 12.6 கிலோ கூடுகிறது.

சிலிகானை நம்பி அடுக்குவது

ஒட்டாமலே நிற்கிற அடுக்கைத்தான் ஒட்ட வேண்டும். நிற்காததை ஒட்டி நிறுத்தக் கூடாது. குளியலறைக்கு விற்கிற சிலிகானில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க மருந்து கலந்திருக்கும், அது மீனுக்கு ஆகாது. அக்வேரியத்துக்கு என்று போட்டிருப்பதையே வாங்குங்கள். கல் ஈரமாக இருந்தால் பிடிக்காது, ஒரு நாள் வெயிலில் காயவிடுங்கள். மேல்தோல் சீக்கிரம் காய்ந்துவிடும். உள்ளே பச்சையாகவே இருக்கும். வினிகர் மாதிரி ஒரு வாடை வரும், அது அடங்கும் வரை, தடியாக வைத்தால் ஒரு வாரம், பொறுத்திருங்கள். சின்னக் கற்களுக்குப் பஞ்சு வைத்து அதன் மேல் சூப்பர் க்ளூ விடுகிற வழி உண்டு. நொடியில் இறுகும். ஆனால் பஞ்சில் பட்டதும் சூடேறிப் புகையும், விரல் பத்திரம்.

வேகவைப்பது

வேண்டவே வேண்டாம். உள்விரிசலில் தேங்கிய தண்ணீர் ஆவியாகிக் கல் வெடிக்கலாம். பிரஷ் போட்டுத் தேய்த்தால் போதும்.

எந்தக் கல் என்று பாராமல் எடுப்பது

வாளையாரில் சிமெண்ட் ஆலை இருக்கிறது. அந்த மலைகளில் சுண்ணாம்புக்கல் கிடைப்பதால்தான் அங்கே வந்தது. அதே கல் தொட்டிக்குள் போனால் மெல்லக் கரைந்து தண்ணீரின் கடினத்தை ஏற்றும். எங்கள் வீட்டு போர் தண்ணீர் ஏற்கெனவே அந்த ரகம். காய்ந்த கல்லில் நாலு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது என்று அர்த்தம். கரிமீன் அதைத் தாங்கும். டெட்ரா வளர்க்கிறவர்கள் அந்தக் கல்லைப் பூந்தொட்டிக்கு வைத்துக்கொள்ளலாம்.

உயரத்துக்கு ஆசைப்படுவது

தொட்டி உயரத்தில் பாதி போதும். பையன் மணலை எடுக்கச் சம்மதித்துவிட்டான், வலையும் வாங்கிவிட்டான். கோபுரத்தைக் குறைக்க மட்டும் இன்னும் மனசு வரவில்லை.